ஒட்டுத்துணிப் போர்வையும் தோட்டத்துப் பருவங்களும்

பழைய துணிகளைச் சிறு துண்டுகளாக வெட்டி, அவற்றை ஒன்றோடொன்று இணைத்துத் தைக்கும் போர்வையை ஒட்டுத்துணிப் போர்வை என்பர். தையல் வகுப்புகளிலும் பள்ளிகளின் கைவினை நடவடிக்கைகளிலும் இதனைச் செய்ய ஆர்வம் காட்டுவோர் பலர். செய்முறையைக் கற்றுத்தரும் நூல்களுக்கும் காணொலிகளுக்கும் பஞ்சமில்லை. அவற்றில் பெரும்பாலானவை பருவத்துக்கு ஒரு போர்வை என்று பாடம் நடத்துகின்றன. குளிர்காலத்துக்கு வெள்ளையும் நீலமும் கலந்த பனித்துகள், இலையுதிர் காலத்துக்குச் செம்மஞ்சள் நிற மேப்பிள் இலை, வசந்தத்துக்கு இளஞ்சிவப்பு மலர் என அட்டவணை நீள்கிறது. ஈப்போவில் தையல் பழகும் மாணவி ஒருத்தியும் அதே அட்டவணையைப் பார்த்து, அதே துணிகளைத் தேடிக் கடை ஏறி இறங்குகிறாள். பனியைக் கண்ணால் பார்த்திராத கை பனித்துகளைத் தைக்கிறது.

இதில் குற்றம் ஏதுமில்லை என்று சிலர் சொல்லலாம். அழகுக்கு நாடு உண்டா என்றும் கேட்கலாம். அழகுக்கு நாடு இல்லை. ஆனால் பருவத்துக்கு நாடு உண்டு. பருவப் போர்வை என்று பெயர் வைத்துவிட்டு, தான் வாழும் மண்ணின் பருவத்தைத் தவிர மற்ற எல்லாப் பருவங்களையும் தைப்பது பொருந்தாத செயல். மலேசியாவில் ஆண்டு முழுவதும் ஒரே வெயில், ஒரே மழை; இங்கே பருவம் எங்கே இருக்கிறது என்ற எண்ணம்தான் இதற்கு அடிப்படை. அந்த எண்ணமே தவறு. பேராக் மாநிலத்தின் ரப்பர் தோட்டங்களில் ஓராண்டு வாழ்ந்தவர் எவரும் அப்படிச் சொல்லமாட்டார்.

ரப்பர் மரம் இலையுதிர்க்கும் மரம். ஆண்டின் தொடக்கத்தில் வரும் வறண்ட நாள்களில், பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில், அதன் பச்சை இலைகள் மஞ்சளாகவும் செம்மஞ்சளாகவும் பழுப்புக் கலந்த சிவப்பாகவும் மாறி உதிர்கின்றன. நிரை நிரையாக நின்ற மரங்களின் நிழல் மறைந்து, தரை முழுவதும் சருகு நிறைந்துவிடும். அதன்பின் வரும் கொழுந்து உடனே பச்சையாக வருவதில்லை. முதலில் செம்பு நிறம், பிறகு ஊதா படர்ந்த பழுப்பு, பிறகு கண்ணைப் பறிக்கும் இளம்பச்சை, இறுதியில் கரும்பச்சை. அதனோடு மங்கிய மஞ்சள் நிறத்தில் பொடிப்பொடியான பூக்கள். மாதங்கள் கழித்துக் காய்கள் முற்றி, வெயிலில் 'படார்' என்று வெடித்து விதைகளைத் தூரத்தில் எறியும். பழுப்பு நிறத்தில் புள்ளியும் வரியுமாக மின்னும் அந்த விதைகளைப் பொறுக்கி விளையாடாத தோட்டத்துப் பிள்ளைகள் இல்லை எனலாம். எந்தத் துணிக் கடையின் அச்சுத் துணியும் அந்த விதையின் கோலத்துக்கு ஈடாகாது.

இது வெறும் வேடிக்கைக் காட்சியாக இருந்ததில்லை. இலையுதிரும் காலத்தில் மரத்தில் பால் குறையும். பால் குறைந்தால் கூலி குறையும். மழைக் காலமும் அப்படித்தான். வெட்டுப்பட்டை நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டினாலும் பால் மங்கில் சேராமல் மழைநீரோடு வழிந்தோடிவிடும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் மேற்குக் கரையில் மழை வலுக்கும்போது தீபாவளியும் வரும். புதுத்துணி வாங்க வேண்டிய மாதத்தில் வேலை நாள் குறையும் என்ற கவலை தோட்டத்துக் குடும்பங்களுக்குப் பழகிப்போன ஒன்று. ஆகவே பருவத்தின் நிறம் என்பது அங்கே கண்ணுக்கு மட்டும் உரியதன்று. சம்பளச் சீட்டிலும் அது தெரிந்தது. செம்பும் சருகும் இளம்பச்சையும் சேர்ந்த ஒரு போர்வையில் இத்தனையும் அடங்கும். மேப்பிள் இலையில் இது ஏதுமில்லை.

தோட்டத்தைப் பார்த்திராத ஈப்போ மாணவர்களுக்கும் நிறங்கள் குறைவில்லை. குனோங் சீரோவில் உள்ள கல்லுமலை முருகன் கோயிலின் தைப்பூச மஞ்சள் ஒன்று; நகரைச் சூழ்ந்து நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகளின் சாம்பல் வெண்மை மற்றொன்று; டுரியான் பருவத்தில் தெருவோரம் குவியும் முள்தோலின் பச்சை இன்னொன்று.

நிறத்தை இங்கிருந்து எடுக்கலாம் என்றால், துணியை எங்கிருந்து எடுப்பது? இங்கேதான் கருத்து வேறுபாடு கூர்மையாகிறது. கைவினைக் கடைகளில் ஒரே அளவாக வெட்டி, நிறம் பொருத்தி, நாடா கட்டி அடுக்கிய புதுத்துணிக் கட்டுகள் கிடைக்கின்றன. வேலை எளிது, பார்வைக்கும் நேர்த்தி. ஆனால் புதுத் துணியை விலை கொடுத்து வாங்கி, துண்டு துண்டாக வெட்டி, மீண்டும் ஒட்டித் தைப்பது விந்தையான வேலை. துண்டு மிஞ்சியதால் பிறந்த கலை இது. மிஞ்சாத இடத்தில் மிச்சத்தை விலைக்கு வாங்கினால், கலையின் தோற்றம் இருக்கும்; அதன் காரணம் இருக்காது.

தோட்டத்து மக்களுக்கு மிச்சத்தின் மதிப்பைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மரத்தின் வெட்டுக்கோட்டில் உலர்ந்து ஒட்டியிருக்கும் பாலுக்கு ஒட்டுப்பால் என்று பெயர்; மங்கில் உறைந்து தங்கியதற்குக் கட்டிப்பால் என்று பெயர். இரண்டையும் அவர்கள் எறிந்ததில்லை. உரித்தெடுத்து, சாக்கில் சேர்த்து, நிறுத்துக் கொடுத்தார்கள். துணியிலும் அதே கணக்குத்தான். பழைய சேலை முதலில் குழந்தைக்குத் தூளியாகும். தூளியாகி நைந்தபின் பாய் மேல் விரிப்பாகும். பிறகு கைப்பிடித் துணியாகும். கடைசியில் விளக்குத் திரியாகும். பால் வெட்டப் போகும் பெண்கள், விடியற்காலைக் குளிருக்கும் கொசுவுக்கும் அஞ்சி, சேலைக்கோ கைலிக்கோ மேல் ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையை அணிவது வழக்கம். ரப்பர் பால் துணியில் பட்டால் நூலுக்குள் இறங்கி உறைந்து, நாளடைவில் கறுத்துவிடும். எந்தச் சவர்க்காரத்துக்கும் அது போவதில்லை. அதனால் வேலைக்குரிய துணி தனி, திருவிழாவுக்குரிய துணி தனி என்று ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு உலகங்கள் இருந்தன. பெரட்டுக்குக் கிளம்பும்போது ஒன்று. கோயில் திருவிழாவுக்குக் கிளம்பும்போது மற்றொன்று.

ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அந்த இரண்டாவது உலகமும் சுருங்கிற்று. வெளிநாட்டிலிருந்து துணி வருவது நின்றுபோக, மலாயாவில் பலர் கோணிப்பையை வெட்டித் தைத்து உடுத்தினர். அந்தக் காலத்தைக் கண்ட தலைமுறையினர் ஒரு முழத் துணியைக்கூடக் குப்பையில் போடத் தயங்கியதில் வியப்பில்லை.

இனி, தோட்டத்து வீட்டின் துணிப்பெட்டியில் தவறாமல் கிடக்கும் கட்டம் போட்ட கைலியை எடுத்துக்கொள்ளலாம். மலாய் மொழியில் அதனை 'காயின் பெலிக்காட்' என்பர். சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டை ஐரோப்பியர் 'புலிகாட்' என்று அழைத்தனர். அந்தத் துறைமுகத்திலிருந்து கடல் கடந்து தென்கிழக்காசியாவுக்கு ஏற்றுமதியான கட்டத் துணிக்கு ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. தமிழகக் கரையில் நெய்து, மலாய்க்காரர் விரும்பி உடுத்தி, தோட்டத்துத் தமிழரும் உடுத்திய துணி அது. அதன் ஒரு சதுரமும், பாத்தேக் துணியின் ஒரு சதுரமும், வாயில் சேலையின் ஒரு சதுரமும் அருகருகே வந்தால், மலேசிய வரலாற்றில் ஒரு பாடம் தையலில் வந்துவிடும். இதைக் கடையில் கட்டாகக் கட்டி விற்க எவராலும் முடியாது.

துணிப்பெட்டியைப் பற்றி இத்தனை சொல்வதற்கு அவசரமான காரணம் ஒன்று உண்டு. 1877-இல் நடப்பட்ட ரப்பர் மரங்களுள் ஒன்று கோலகங்சாரில் இன்றும் நிற்கிறது. ஆனால் அதன்பின் எழுந்த தோட்டங்களில் பல இன்று இல்லை. 1950-களின் பிற்பகுதியிலிருந்து பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டன. வேலையும் வீடும் ஒருசேரப் போகும் நிலை வந்தது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இந்தத் துண்டாடலின் விளைவாகத்தான். பின்னர் ரப்பருக்குப் பதில் செம்பனை வந்தது. சில இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் வந்தன. லயத்தில் வாழ்ந்த குடும்பங்கள் புந்தோங் போன்ற நகர்ப்புறங்களுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் பிரிந்து போயின. லயம் இடிக்கப்பட்டபின் அங்கிருந்து கையோடு வந்தவை மிகச் சில: சாமிப் படம், பாத்திரம், துணிமூட்டை. பாத்திரம் புழக்கத்தில் இருக்கிறது; சாமிப் படம் சுவரில் இருக்கிறது. துணிமூட்டைதான் வீடு துடைக்கும் ஒவ்வொரு தீபாவளிக்கும் இளைத்துக்கொண்டே வருகிறது. அதில் எது யாருடையது, எந்தத் திருமணத்துக்கு எடுத்தது, எந்தத் தோட்டத்தில் உடுத்தியது என்று சொல்லக்கூடிய பாட்டிமார்களின் எண்ணிக்கையும் குறைந்து வருகிறது.

இதற்கு எதிரான வாதங்களும் உள்ளன. அவற்றைத் தள்ளிவிட முடியாது. ஒட்டுப்போட்ட துணி வறுமையின் அடையாளம் என்பது முதல் வாதம். கந்தையை உடுத்தி வளர்ந்த ஒரு பாட்டி, தம் பேத்தி அதே கந்தையை எடுத்து வரவேற்பறையில் விரிப்பதைக் கண்டு முகம் சுளித்தால், அவரைக் குறை கூறக்கூடாது. அவருக்கு அது கலையன்று, கழிந்த துன்பம். பேத்தி அவரிடம் வாதாடுவதைவிட, அவர் அருகே அமர்ந்து எந்தத் துணியை வெட்டலாம், எதை வெட்டக்கூடாது என்று கேட்பது மேல். இரண்டாவது வாதம் இன்னும் ஆழமானது. இறந்தவரின் துணியை வீட்டில் வைக்கக் கூடாது என்று கருதும் குடும்பங்கள் உண்டு. அந்த நம்பிக்கையைப் பள்ளி நடவடிக்கையின் பெயரால் மீறச் சொல்வது முறையாகாது. ஆனால் உயிரோடு இருப்பவர் மனமுவந்து கொடுக்கும் துணிக்குத் தடை எதுவும் இல்லை. கேட்க வேண்டியதைக் காலத்தில் கேட்டால் அந்தச் சிக்கலே எழாது.

பிற நாட்டவர் இதே கேள்விக்கு வேறு விடை கண்டுள்ளனர். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூர் உள்ளது. பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக உழைத்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் அங்கே வேலை உடைகளையும் தீவனச் சாக்குகளையும் வெட்டிப் போர்வை தைத்தனர். குளிரைத் தாங்கவே அவர்கள் தைத்தார்கள். 1942-இல் மிசூரி பெட்வே என்பவர், மறைந்த தம் கணவரின் வேலை உடைகளை வெட்டி ஒரு போர்வை தைத்தார். அவரை நினைப்பதற்கும் அந்த அன்பைப் போர்த்திக்கொள்வதற்கும் அதனைத் தைத்ததாக அவருடைய மகள் பின்னாளில் கூறினார். அந்த ஊர்ப் போர்வைகள் 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் ஓவியங்களைப் போலச் சுவரில் தொங்கின. 2006-இல் அமெரிக்க அஞ்சல் தலைகளிலும் இடம்பெற்றன. முழங்கால் தேய்ந்த காற்சட்டையின் மங்கல் நீலத்தைப் பார்க்கவே மக்கள் அங்கே கூடினர். தோட்டத்து உழைப்பாளர் உடை என்ற வகையில், அந்தக் காற்சட்டைக்கும் சுங்கை சிப்புட்டின் பால்கறை படிந்த சட்டைக்கும் உறவு நெருக்கமானது. ஒன்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மற்றொன்று தரை துடைக்கிறது.

இன்னும் அருகில், அதே 1942-இல், சிங்கப்பூரின் சாங்கி சிறையில் அடைக்கப்பட்ட பெண்கள் மூன்று போர்வைகள் தைத்தனர். ஒவ்வொன்றிலும் 66 சதுரங்கள். தனியே அடைக்கப்பட்ட கணவர்களுக்குத் தாங்கள் உயிரோடு இருப்பதைத் தெரிவிக்க வழியில்லாத நிலையில், ஒவ்வொரு பெண்ணும் தன் சதுரத்தில் பெயரையும் ஒரு படத்தையும் தையலால் இட்டாள். மருத்துவமனைக்கு என்று அனுப்பப்பட்ட போர்வைகள் செய்தியையும் சுமந்து சென்றன. அவற்றில் இரண்டு இன்று ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் உள்ளன.

துணியைத் தேர்ந்தெடுக்கும் வேலையை நிறத்திலிருந்து தொடங்குவதே பலரும் செய்யும் தவறு. முதலில் பார்க்க வேண்டியது வலிமை. பழைய துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நைந்த இடம் சல்லடை போலத் தெரியும். சேலையில் உட்காரும் பகுதி விரைவில் தேயும். உள்ளே சுற்றும் தலைப்பு பெரும்பாலும் புதிதுபோல் இருக்கும். அடுத்துப் பார்க்க வேண்டியது கனம். தடித்த ஜீன்ஸ் துணியையும் மெல்லிய வாயிலையும் பக்கத்தில் பக்கத்தில் தைத்தால், சில முறை துவைத்தவுடன் தடித்தது மெல்லியதைக் கிழித்துவிடும். பருத்தியோடு பருத்தியைச் சேர்ப்பதே பாதுகாப்பு. பளபளக்கும் பட்டும் நைலக்ஸும் ஆசை காட்டும். இரும்புப்பெட்டியின் சூட்டில் ஒன்று சுருங்கும், மற்றொன்று வழுக்கும்.

மூன்றாவது, சாயம். சிவப்பும் கருநீலமும் நம்பத் தகாதவை. ஈரமான வெள்ளைத் துணியைச் சாயத் துணியின் மேல் வைத்து அழுத்திப் பார்த்தால் உண்மை வெளிப்படும். சாயம் போகும் துணியைத் தனியே பலமுறை அலசிய பின்னரே வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் அத்தனை நாள் உழைப்பும் முதல் துவைப்பில் ஒரே இளஞ்சிவப்பாகிவிடும். சாயம் போவதையே பெருமையாக்கி விற்றவர்களும் உண்டு. 1958-இல் சென்னையிலிருந்து நியூயார்க் போன மெட்ராஸ் கட்டத் துணி, துவைத்தவுடன் நிறம் கசிந்து புகாருக்கு உள்ளாயிற்று. வணிகர்கள் 'சாயம் கசிவதே இதன் சிறப்பு' என்று விளம்பரம் செய்து அதனையே புகழ்பெறச் செய்துவிட்டனர். விளம்பரத்தில் அது நடக்கும். வீட்டுத் துவைகல்லில் நடக்காது.

இவ்வளவுக்கும் பிறகே நிறம் வருகிறது. நிறம் என்றவுடன் சிவப்பா, பச்சையா என்று பார்ப்பதைவிட வெளிறியதா, அடர்ந்ததா என்று பார்ப்பது பயன் தரும். கோலத்தை எடுத்துக்காட்டுவது இந்த வெளிச்சமும் இருளும்தான். துண்டுகளைத் தரையில் பரப்பி, கைத்தொலைபேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பார்க்கலாம். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், எத்தனை வண்ணம் இருந்தும் அந்தப் போர்வை மந்தமாகவே இருக்கும். பால்கறைச் சட்டையின் மங்கல், சருகின் பழுப்பு ஆகியவற்றுக்கு நடுவே, தைப்பூச மஞ்சள் இரண்டு மூன்று சதுரங்கள் போதும். மஞ்சளை அள்ளிப் போட்டால் மற்றவை செத்துவிடும். ஓய்வு கொடுக்கும் நிறமும் தேவை. அதற்கு ஆண்டு முடிவில் குட்டையாகிப்போன பள்ளிச்சீருடை கைகொடுக்கும்: தொடக்கப்பள்ளியின் கருநீலம், இடைநிலைப்பள்ளி மாணவர்களின் பச்சைக் காற்சட்டை, வெள்ளைச் சட்டை. மாணவர் ஒருவரின் சொந்த வாழ்க்கையும் பாட்டியின் சேலைக்குப் பக்கத்தில் இடம்பெற அது ஒரு வழி.

அளவைப் பொறுத்தவரை கணக்கு எளிது. தைத்தபின் 15 சென்டிமீட்டர் வரும் சதுரங்களை அகலத்துக்கு 10, நீளத்துக்கு 13 என அடுக்கினால் 130 துண்டுகளில் ஒருவர் போர்த்தும் போர்வை கிடைக்கும். தையலுக்கு நான்கு பக்கமும் சுமார் 6 மில்லிமீட்டர் விட்டு வெட்ட வேண்டும். நூலோட்டத்துக்கு நேராக வெட்டுவது முக்கியம். குறுக்காக வெட்டிய துணி இழுபட்டுக் கோணும். ஐந்தரை மீட்டர்ச் சேலை ஒன்றிலேயே 130 துண்டுகளுக்கு மேல் தேறும் என்றாலும், அப்படிச் செய்தால் சேலையை வெட்டி மீண்டும் சேலை தைத்த கதைதான்.

நடு அடுக்குக்குப் பஞ்சு வைக்கச் சொல்லும் வெளிநாட்டுக் குறிப்புகளைப் பேராக்கின் வெப்பத்தில் பின்பற்ற வேண்டியதில்லை. ஈரக்காற்றில் தடித்த பஞ்சு காயாமல் பூஞ்சணம் பிடிக்கும். வங்காளத்துப் பெண்கள் தைக்கும் காந்தாவில் பஞ்சே இல்லை. பழைய சேலைகளை அடுக்கி, சேலைக் கரையில் உருவிய நூலால் ஓட்டுத்தையல் இடுவது அவர்களின் பழைய முறை. இரண்டு சேலை அடுக்குகள் இங்கேயும் போதுமானவை. அதிகாலை மழைக்கும் மின்விசிறிக் காற்றுக்கும் அதுவே ஏற்றது.

பின்பக்கத் துணி வெளிர் நிறமாக, வேலைப்பாடு இல்லாததாக இருப்பது நல்லது. ஒவ்வொரு சதுரத்துக்கும் பின்னால், துவைத்தால் அழியாத மையாலோ நூலாலோ, துணியைக் கொடுத்தவரின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் எழுதிவைக்க அங்கே இடம் கிடைக்கும். ஆண்டு தெரியாவிட்டால் எந்தத் திருவிழா என்று எழுதினாலும் போதும். எழுத்து வேலையைத் துணி கொடுத்தவர் பக்கத்தில் இருக்கும்போதே முடிப்பது நல்லது. பெயரைச் சொல்லும்போதுதான் மற்றொரு துணியின் நினைவும் அவருக்கு வரும்.